காலை பத்து முதல் கடைசி மாணவர் வரை

மரியா காலஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1947 ஆகஸ்டில், இத்தாலியின் வெரோனா திறந்தவெளி அரங்கில் தொடங்குகிறார்கள். அங்கே 'லா ஜொகோண்டா' ஓபராவில் ஓர் இளம்பெண் பாடினாள், பிறகு உலகம் அவளைக் கண்டுகொண்டது என்று கதை நகரும். அதற்கு முந்தைய ஆண்டுகள் ஒரு பத்தியில் முடிந்துவிடும்: ஏழ்மை, போர், பருமனான உடல், மூக்குக் கண்ணாடி. 'பிறவி மேதை' என்ற சொல் எங்கேயாவது ஓர் இடத்தில் வந்து விழும். அந்தச் சொல் விழுந்த இடத்தில் வரலாறு நின்றுவிடுகிறது.

ஆனால் 1945 செப்டம்பரில் கிரேக்கத்தை விட்டுக் கப்பலேறியபோது, இருபத்திரண்டு வயது நிறையாத அந்தப் பெண் ஏழு ஓபராக்களில் 56 முறை மேடையேறியிருந்தார். அது தவிர ஏறத்தாழ இருபது இசை நிகழ்ச்சிகளிலும் பாடியிருந்தார். இந்தக் கணக்கு பிறவியால் வருவதில்லை. ஏதென்ஸின் இரண்டு இசைப்பள்ளிகளில், சர்வாதிகாரமும் போரும் பஞ்சமும் சூழ்ந்த எட்டு ஆண்டுகளில் ஒரு மாணவி எப்படிக் கற்றார், எப்படி ஒத்திகை பார்த்தார், எந்த அவையின் முன் பாடினார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓபரா என்பது நமக்குச் சற்றுத் தொலைவான கலை. முழுக்கப் பாட்டாலேயே நடத்தப்படும் நாடகம் என்று சொல்லி வைக்கலாம். ஒலிபெருக்கி கிடையாது. முழு வாத்தியக் குழுவைத் தாண்டி, கடைசி வரிசைக்குத் தன் தொண்டையொன்றால் மட்டுமே எட்ட வேண்டும். ஆகவே ஓபராப் பாடகரின் கல்வி, இசையைக் கற்பதற்கு முன் உடலைக் கற்பதாக இருக்கிறது. மூச்சு, விலா, தாடை, நாக்கு, நிற்கும் நிலை என்று அது தொடங்கும்.

மரியா 1923 டிசம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் கிரேக்கர்கள், தந்தை மருந்துக்கடைக்காரர். பெற்றோருக்கிடையே ஒத்துப்போகவில்லை. 1937ல் தாய் தம் இரு மகள்களுடன் ஏதென்ஸுக்குத் திரும்பினார். கிரேக்கம் அப்போது மெடாக்சாஸின் சர்வாதிகாரத்தில் இருந்தது. 1936 ஆகஸ்ட் 4 முதல் நாடாளுமன்றம் இல்லை, பத்திரிகைச் சுதந்திரம் இல்லை. இசைப்பள்ளிகள் மட்டும் எப்போதும்போல நடந்துகொண்டிருந்தன.

இசைப்பள்ளிக்குக் கிரேக்கத்தில் 'ஓதியோன்' என்று பெயர், பாடும் இடம் என்று பொருள். (நம் 'ஓதுதல்' என்ற சொல்லை நினைத்து நண்பர்கள் யாரும் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். இது வெறும் ஒலியொற்றுமை.) இசையமைப்பாளர் மனோலிஸ் கலோமிரிஸ் 1926ல் நிறுவிய தேசிய இசைப்பள்ளியில் மரியா திரிவெல்லா என்ற ஆசிரியையிடம் சிறுமி சேர்க்கப்பட்டாள். சேர்வதற்குரிய வயது பதினாறு, இவளுக்கோ பதின்மூன்று. வயதைக் கூட்டிச் சொல்லித்தான் இடம் கிடைத்தது.

திரிவெல்லா கண்டது கனத்த கண்ணாடி அணிந்த, பருத்த, கூச்சம் மிகுந்த ஒரு பெண்ணை. இவள் 'கான்ட்ரால்டோ', அதாவது பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வகை என்று முன்னர் கேட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். திரிவெல்லா அதை ஏற்கவில்லை. இது உயர்குரல், நாடகக் கனம் உடைய சொப்ரானோ என்று முடிவு செய்து, மாணவியின் குரலை மெல்ல மெல்ல மேலே ஏற்றத் தொடங்கினார். ஒரு குரலைத் தவறான வகையில் சேர்த்துப் பயிற்றினால் சில ஆண்டுகளிலேயே அது கெட்டுவிடும். அந்தத் தொடக்க முடிவில் ஒரு வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது என்பது மிகையல்ல. கேட்போர் காலஸின் பெயரோடு சேர்த்துத் திரிவெல்லாவை நினைப்பதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் கதி எங்கும் இதுதான்.

நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் சாதகம். குரல் மூக்கருகே ஒலிக்கும்படி நிறுத்தும் பிரெஞ்சு முறையைத் திரிவெல்லா கையாண்டார் என்று காலஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மந்தர ஸ்தாயியின் 'மார்புக் குரல்' தமக்கு அங்கேதான் கைவந்தது என்றும் ஒரு நேர்காணலில் கூறினார். வேறொரு நேர்காணலில் அந்தப் பெருமையை இரண்டாவது ஆசிரியைக்குக் கொடுத்தார். கற்றவரே தம் கல்வியின் வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்லும்போது ஆய்வாளன் என்ன செய்வது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்வதுதான் நேர்மை.

1938 ஏப்ரல் 11 அன்று பர்னாசோஸ் மண்டபத்தில் திரிவெல்லாவின் மாணவர்கள் பாடினார்கள். நிகழ்ச்சியை முடித்துவைத்தது பதினான்கு வயது மரியா பங்கேற்ற 'டோஸ்கா' இணைப்பாட்டு. ஓராண்டு கழித்து முழு வேடமே வந்தது. 1939 ஏப்ரல் 2 அன்று ஒலிம்பியா அரங்கில் மாணவர்கள் நடித்த மஸ்கானியின் 'கவலேரியா ருஸ்டிகானா'வில் அவர் சான்டுஸாவாகப் பாடினார். சிசிலியக் கிராமம் ஒன்றில், ஈஸ்டர் நாள் காலையில், காதலனால் கைவிடப்பட்ட பெண்ணின் பாத்திரம் அது. பாடியவருக்கு வயது பதினைந்து.

ஒத்திகை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓர் ஓபராவை மாணவர்கள் எடுத்த எடுப்பில் மேடையில் நின்று பழகுவதில்லை. முதலில் ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பியானோவின் துணையோடு தனியே கற்கிறார்கள். சொல், ஸ்வரம், தாளம், மூச்சு எடுக்கும் இடம் எல்லாம் அங்கே முடிவாகும். பிறகு இருவர் மூவராகச் சேர்ந்து பாடுவார்கள். அதன்பின் நடை, திரும்பல், கைப்பொருள். வாத்தியக் குழு வருவது கடைசியில்தான். மாணவர் நிகழ்ச்சிகளில் அது வராமலே பியானோவோடு முடிந்துபோவதும் உண்டு. மேடையில் நடிக்கும்போதே ஓரக்கண்ணால் நடத்துநரின் கோலைப் பார்த்துக்கொள்வது எல்லாப் பாடகருக்கும் பழக்கம். மரியாவுக்கு அது முடியாது. கண்ணாடியைக் கழற்றினால் அவருக்குக் கோலும் தெரியாது, நடத்துநரும் தெரியாது. மேடை விளக்கும் இருளும்தான். எனவே தம் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்தால் போதவில்லை. எதிரில் நிற்பவரின் வரி, பின்னால் ஒலிக்கும் வாத்தியம், இடையிலுள்ள மௌனத்தின் அளவு உட்பட எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் விமர்சகர்கள் வியந்த அவரது இசையறிவின் ஒரு பாதி இந்தப் பார்வைக் குறையிலிருந்து பிறந்தது.

சான்டுஸாவாகப் பாடி ஐந்து நாள் கழிந்தது. ஏப்ரல் 7, புனித வெள்ளி. முசோலினியின் படைகள் அண்டை நாடான அல்பேனியாவில் இறங்கின. இத்தாலிய ஓபராவைப் பாடிக்கொண்டிருந்த நகரத்தின் எல்லைக்கு இத்தாலியத் துப்பாக்கி வந்துவிட்டது.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மரியா பள்ளி மாறினார். 1871ல் நிறுவப்பட்ட ஏதென்ஸ் இசைப்பள்ளி, நாட்டின் மூத்த இசை நிறுவனம். அங்கே ஆசிரியை எல்விரா டி இடால்கோ. ஸ்பெயின்காரர், 1908ல் நேப்பிள்ஸில் ரொஸ்ஸினியின் 'செவில் நகரத்து நாவிதன்' ஓபராவில் ரொஸினாவாக மேடையேறி, 1910ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் வரை சென்றவர். அவரது குரல் இலேசானது. பிருகாக்களைப் போல விரைந்தோடும் ஸ்வரக்கோவைகளில் தேர்ந்தது. அவர் முன் சோதனைக்காக மரியா தேர்ந்தெடுத்ததோ வெபரின் 'ஓபெரான்' ஓபராவிலிருந்து கடலை விளித்துப் பாடும் கனமான பாட்டு. கட்டுக்குள் வராத, ஆனால் நாடகமும் உணர்ச்சியும் நிறைந்த ஒலிப்பெருக்கைக் கேட்டதாக டி இடால்கோ பின்னர் நினைவுகூர்ந்தார். உடனே சேர்த்துக்கொள்ளவும் இசைந்தார்.

இங்கேதான் ஒரு முரண் நிகழ்கிறது. கனத்த குரல் உடைய மாணவி, இலேசான குரல் உடைய ஆசிரியை. அக்கால வழக்கப்படி கனத்த குரலுக்குக் கனத்த பாத்திரங்கள்தான்: வாக்னர், வெர்டி, புச்சினி. பெல்லினி, டோனிசெட்டி ஆகியோரின் நுண்ணிய அலங்காரங்கள் சிறு குரல்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டன. டி இடால்கோ இந்தப் பாகுபாட்டை மதிக்கவில்லை. ஏறுவரிசை, இறங்குவரிசை, அரைஸ்வர ஓட்டம், திரில் எனப்படும் நடுக்கம் எனத் தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தப் பெரிய குரலின் மேல் ஏற்றினார். பெருங்குரல் வேகமாக ஓடக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

மாணவி காலை பத்து மணிக்கு வகுப்புக்கு வந்தார், கடைசி மாணவரோடுதான் திரும்பினார். தம் பாடம் முடிந்த பிறகும் போகவில்லை. சொப்ரானோ, மெஸ்ஸோ, டெனர் என்று எல்லா மாணவர்களின் பாடங்களையும் உட்கார்ந்து கேட்டார். திறமை மிகக் குறைந்த மாணவரிடமும், திறமை மிக்கவர் செய்ய முடியாத ஏதோ ஒன்று இருக்கும், அதைக் கற்கலாம் என்பது இதற்கு அவர் பின்னாளில் தந்த விளக்கம். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது நான் நீண்ட நேரம் யோசித்தேன். வகுப்பறையில் பல ஆண்டுகளாக நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தம் கட்டுரையை வாசித்து முடித்ததும் எழுந்து போய்விடும் மாணவர்களைத்தான் நாம் மிகுதியாகப் பார்க்கிறோம். அடுத்தவர் தடுமாறுவதைக் கேட்பதும் படிப்புதான் என்பதை எந்தப் பாடத்திட்டமும் எழுதி வைப்பதில்லை. கல்வி நிறுவனம் என்ற ஒன்றுக்குத் தேவை இருக்கிறதென்றால் அது இதற்காகவே. தனி ஆசிரியரிடம் வீட்டில் கற்பவருக்கு ஆசிரியர் கிடைப்பார், பத்துப் பிற குரல்கள் கிடைக்கமாட்டா.

1940 ஜூன் 16. பள்ளியின் மாணவர்கள் புச்சினியின் 'ஸ்வோர் ஆஞ்செலிகா'வை அரங்கேற்றினார்கள். முறைதவறிப் பிள்ளை பெற்றதற்காக மடத்துக்கு அனுப்பப்பட்ட பெண், ஏழாண்டுகள் கழித்து, தன் குழந்தை இறந்துவிட்டதை அத்தையின் வாயால் அறிகிறாள். அந்தக் கன்னியாஸ்திரீயாகப் பாடிய மரியாவுக்குப் பதினாறு வயது. இரண்டு நாள் முன்னர்தான் பாரிஸ் வீழ்ந்திருந்தது. ஆறு நாள் முன்னர் இத்தாலி போரில் குதித்திருந்தது.

அதன்பின் வரலாறு வேகமாக உள்ளே நுழைந்தது. டி இடால்கோ தம் மாணவிக்குப் புதிதாகத் தோன்றிய நாட்டு ஓபராவில் சம்பள வேலை வாங்கித் தந்தார். 1940 அக்டோபர் 28ல் இத்தாலி கிரேக்கத்தின் மேல் படையெடுத்தது. 1941 தொடக்கத்தில் சுப்பேயின் 'பொக்காச்சியோ'வில் பியாட்ரிஸ் என்னும் சிறு வேடத்தில் மரியா தொழில்முறை மேடை ஏறினார். ஏப்ரல் 27ல் ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தது. தொடர்ந்து வந்த 1941-42 குளிர்காலத்தில் பஞ்சம். ஆக்கிரமிப்பாளர்கள் தானியத்தையும் எண்ணெயையும் கவர்ந்துகொண்டார்கள். நேச நாடுகளின் கடல் முற்றுகை வெளியிலிருந்து உணவு வருவதைத் தடுத்தது. தரைவழிப் போக்குவரத்தும் சிதைந்திருந்தது. ஏதென்ஸ் தெருக்களில் மனிதர்கள் விழுந்து செத்தார்கள். காலையில் வண்டிகள் வந்து உடல்களை எடுத்துச் சென்றன. பாட்டுக்கு மூச்சு வேண்டும், மூச்சுக்கு உணவு வேண்டும். அந்தக் குளிர்காலத்திலும் மாணவி டி இடால்கோவிடம் பாடத்துக்குச் சென்றுகொண்டிருந்தார்.

இக்காலத்தைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு கதை உண்டு. பட்டிசியோன் தெருவிலுள்ள வீட்டில் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளைக் குடும்பம் ஒளித்து வைத்திருந்ததாம். இத்தாலியப் படைவீரர்கள் சோதனையிட வந்தபோது, மரியா பியானோவில் அமர்ந்து 'டோஸ்கா'வைப் பாட, வந்தவர்கள் வந்த வேலையை மறந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்களாம். இதைச் சொல்பவர் தாய், 1960ல் வெளியான தம் நினைவுநூலில். அப்போது தாயும் மகளும் முகம் பார்ப்பதில்லை. நூலின் நோக்கமே தாயின் தியாகத்தை நிறுவுவதுதான். கதை பொய் என்று தள்ளவும் வேண்டாம், சான்று என்று கொள்ளவும் வேண்டாம். இத்தகைய கதைகளின் அடர்ந்த புதரைத்தான் நிகோலாஸ் பெட்சாலிஸ்-தியோமிதிஸ் 'அறியப்படாத காலஸ்' என்ற தம் பெரிய நூலில் (ஆங்கிலப் பதிப்பு 2001) பொறுமையாக வெட்டிச் சென்றார். உடன் படித்தவர்கள், உடன் பாடியவர்கள் ஆகியோரின் நினைவுகளைத் திரட்டி, கிரேக்க ஆண்டுகளை அவர் மீட்டுத் தந்திராவிட்டால் நாம் இன்னும் வெரோனாவிலேயே தொடங்கிக்கொண்டிருப்போம்.

1942 ஆகஸ்டில் மரியா முதல் பெரிய வேடம் ஏற்றார். அதே 'டோஸ்கா', இம்முறை முழு ஓபரா. ரோம் நகரில் ஒரு காவல்துறைத் தலைவன் கைதியைச் சித்திரவதை செய்கிறான். அந்த ஓலத்தைக் கேட்டபடி அவனோடு பேரம் பேச வேண்டிய நிலையில் ஒரு பாடகி நிற்கிறாள். ஆக்கிரமிப்பில் இருந்த நகரத்தின் திறந்தவெளி மேடையில், பதினெட்டு வயதுப் பெண் அதைப் பாடினார். கேட்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் யாரேனும் சிறையில் இருந்தார்களோ?

இன்னும் கூர்மையானது 1944 கோடை. அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லரங்கு ஒன்று இருக்கிறது. ஹெரோதிஸ் அத்திகஸ் என்ற செல்வர் இறந்துபோன தம் மனைவியின் நினைவாகக் கட்டியது. அதற்கும் 'ஓதியோன்' என்றே பெயர். அங்கே ஜூலை இறுதியில், தாம் முதலில் சேர்ந்த பள்ளியின் நிறுவனரான கலோமிரிஸின் 'புரோதோமாஸ்தோரஸ்' ஓபராவில் மரியா பாடினார். ஆகஸ்ட் 14ல் பெத்தோவனின் 'ஃபிடேலியோ'. அரசியல் கைதியாக நிலவறையில் கிடக்கும் கணவனை மீட்க, ஆண்வேடம் பூண்டு சிறைக்குள் வேலைக்குச் சேரும் லியோனோராவின் கதை. கைதிகள் ஒரு கணம் வெளிச்சத்துக்கு வந்து பாடும் புகழ்பெற்ற சேர்ந்திசை அதில் உண்டு. ஜெர்மன் அதிகாரிகளும் அவையில் இருந்தார்கள். அவர்களுக்கு அது தங்கள் நாட்டு மேதையின் படைப்பு, பண்பாட்டுப் பெருமை. கிரேக்கர்களுக்கு அது வேறொன்று. ஒரே பாட்டு, ஒரே இரவு, ஒரே கல்வரிசை, கேட்டவை இரண்டு. அடுத்த அக்டோபர் 12ல் ஜெர்மானியர் நகரை விட்டு வெளியேறினார்கள்.

ஆக்கிரமிப்பாளர் முன் பாடியது சரியா என்ற கேள்வியை இங்கே தவிர்த்துவிட முடியாது. விடுதலைக்குப் பிறகு நாட்டு ஓபராவில் அந்த முணுமுணுப்பு எழுந்தது. இவ்வளவு இளம் வயதில் இவ்வளவு பெரிய வேடங்கள் எப்படிக் கிடைத்தன என்ற பொறாமையும் அதில் கலந்திருந்தது. ஓபரா நிறுவனமே ஆக்கிரமிப்புக் காலத்தில் நடந்துகொண்டிருந்தது, எல்லோரும்தான் பாடினார்கள். ஆனால் அதிகமாகக் கைதட்டல் வாங்கியவர் மேல்தான் விரல் நீண்டது. என் கருத்தைச் சொல்வதானால், பதினெட்டு வயதில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட வேண்டியிருந்த மாணவியை அறுபது எழுபது ஆண்டு கழித்து நாற்காலியில் அமர்ந்து விசாரிப்பது எளிது. அதேசமயம், கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிடுவதும் நேர்மையன்று. 'ஃபிடேலியோ'வைப் போன்ற ஒரு படைப்பே அந்தச் சமாதானத்தை மறுத்துவிடுகிறது.

1945 செப்டம்பர் 14 அன்று மரியா அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். இத்தாலிக்குப் போ என்று டி இடால்கோ சொல்லியிருந்தார்; அது ஈராண்டு தாமதமாக நடந்தது.

1949 ஜனவரி, வெனிஸ். வாக்னரின் 'வால்குரே'யில் போர்க்கன்னி பிரூன்ஹில்டாகக் காலஸ் பாடிக்கொண்டிருந்தார். அடுத்து வரவிருந்த பெல்லினியின் 'பியூரிட்டன்கள்' ஓபராவின் எல்விரா வேடப் பாடகி நோயில் விழுந்தார். நடத்துநர் துலியோ செராஃபின், காலஸையே எல்விராவாகப் பாடச் சொன்னார். கனத்த வாக்னர்க் குரலால் பெல்லினியின் மென்மையான அலங்காரங்களைப் பாடுவதா என்று நகரம் சிரித்தது. ஏறத்தாழ ஒரே வாரத்தில் கற்று, அவர் பாடினார். அதிசயம் என்று எழுதினார்கள். பத்தாண்டுகளுக்கு முன் ஏதென்ஸின் வகுப்பறையில், தம் முறை முடிந்தும் எழுந்து போகாமல், இலேசான குரல்களின் பாடங்களையும் உட்கார்ந்து கேட்ட பெண்ணை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது அதிசயமாகத் தோன்றாது. அது பழைய பாடம், கேள்வி மட்டும் தாமதமாகக் கேட்கப்பட்டது.

1971-72ல் அவரே ஆசிரியரானார். நியூயார்க்கின் ஜூலியர்ட் பள்ளியில் சுமார் இருபத்தைந்து மாணவர்களுக்குப் பொதுவெளியில் வகுப்பெடுத்தார். 1995ல் டெரன்ஸ் மெக்னலி எழுதிய 'மாஸ்டர் கிளாஸ்' நாடகத்தால் அந்த வகுப்புகள் உலகப் புகழ் பெற்றன. நாடகத்தின் காலஸ் மாணவர்களைக் குத்திக் கிழிப்பவர், தம் பழைய காதலில் மூழ்குபவர். வகுப்புகளின் ஒலிப்பதிவுகளில் இருப்பவரோ வேறு மனிதர். இந்தச் சொல்லின் பொருள் என்ன, இங்கே ஏன் இசையமைப்பாளர் நிறுத்தக்குறி இட்டார், மூச்சை எங்கே எடுக்கிறாய் என்று வரிவரியாகத் திருத்துகிற ஒரு பொறுமையான ஆசிரியை. நாடகம் நல்ல நாடகம்தான். எனினும் சுவையான பொய்யும் சுவையற்ற உழைப்பும் போட்டியிட்டால் மேடை எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

காலஸ் 1977 செப்டம்பர் 16 அன்று பாரிஸில் இறந்தார். ஆசிரியை டி இடால்கோ 1980 வரை வாழ்ந்தார். நமக்குக் கேட்கக் கிடைக்கும் காலஸின் பதிவுகள் 1949 முதலே தொடங்குகின்றன. அவற்றுள் அந்த ஆண்டு நவம்பரில் துரினில் பதிவான எல்விராவின் பைத்தியக் காட்சிப் பாட்டை மட்டுமேனும் நண்பர்கள் தேடிக் கேட்க வேண்டும். முதலில் மெதுவான, கனமான, ஏறத்தாழ இருண்ட குரல். பின்பகுதியில் அதே குரல் அரைஸ்வரப் படிகளில் தடுக்காமல் இறங்கி ஓடும். முதற்பகுதியைக் கேட்கையில் திரிவெல்லாவையும், பிற்பகுதியைக் கேட்கையில் டி இடால்கோவையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.